கோல் விழுந்தால் பசிக்காத ஊர்

கருங்காலிப்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தி, கடைசியில் மிஞ்சியிருந்த பெரிய கம்பெனியும் பூட்டுப் போட்டுக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக அறுநூறு பேர் அதன் கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்திருந்த சித்திரை மாதத்தில், ஊரின் ஹாக்கி அணியான தீக்கொழுந்து கிளப், மாவட்டக் கோடைக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், கொம்பையாவின் கம்பிலிருந்து ஒரு கோல் போட்டது. போட்ட மறு நொடியிலிருந்து ஊரில் ஒருவருக்கும் பசிக்கவில்லை.

பசிக்கவில்லை என்றால் பசி மரத்துப்போய்க் கிடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு வழித்து, அதற்கு மேல் மோருக்கும் கையைக் குழித்து நீட்டிவிட்டு, வெற்றிலை போட எந்திரிக்கும்போது வயிறு எப்படித் திம்மென்று இருக்குமோ அப்படி நிறைந்துபோயிற்று. கொம்பையாவின் பெண்டாட்டி குருவம்மாள் அப்போது பந்தலில்தான் இருந்தாள். பதினாலு வருஷம் அந்தக் கம்பெனியில் குச்சி அடுக்கியவள், மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. மைதானத்துப் பக்கமிருந்து "கோ...ல்" என்ற சத்தம் வந்து சேர்ந்ததும் அவளுக்கு ஓர் ஏப்பம் வந்தது, நெய் மணக்கிற ஏப்பம். ஐயையோ, திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லுவார்களே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தால், பந்தலில் இருந்த அறுநூறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அக்கம்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் என்ன, உண்ணாவிரதம் அன்றோடு முடிந்தது. பசிக்காதவன் உண்ணாவிரதம் இருந்தால் யாருக்கு உறைக்கும்? பந்தலைப் பிரித்து, மூங்கிலையும் தகரத்தையும் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், ஆட்டம் பார்ப்பவர்களுக்கு நிழல் போட்டார்கள். "ரெண்டு யூனிட்டையாவது திறக்கலாம்னு நினைச்சிருந்தேன், நீங்கதான் சௌகரியமா இருக்கீங்களாமே" என்று முதலாளி போனில் சொன்னதாகக் கேள்வி. அதைக் கேட்டும் யாருக்கும் கோபம் வரவில்லை. நிறைந்த வயிற்றிலிருந்து கோபத்தைத் தோண்டி எடுப்பது லேசுப்பட்ட காரியமா?

ஒரு கோல் விழுந்தால் அடுத்த ஆட்டம் வரைக்கும் தாங்கியது. மூன்று கோல் விழுந்தாலும் அடுத்த ஆட்டம் வரைக்கும்தான் தாங்கியது. ஆட்டம் மூன்று நாளைக்கு ஒன்றாக வந்தது. ரேஷன் கார்டில் கருங்காலிப்பட்டி என்று பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் வயிறு நிறைந்தது, வாக்கப்பட்டு வெளியூர் போனவர்களுக்கு நிறையவில்லை, வாக்கப்பட்டு உள்ளே வந்து இன்னும் கார்டில் பெயர் ஏறாத ஒரு புதுப்பெண்ணுக்கும் நிறையவில்லை, அவள் பாவம் ஊர் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள். இதையெல்லாம் ஊர் ஏன் எதற்கென்று குடையவில்லை. மழை பெய்தால் ஏன் பெய்தாய் என்று மேகத்தைப் பிடித்து விசாரிக்கிறோமா? பெய்யும்போதே குடத்தை எடுத்து வைத்துக்கொள்கிற ஜனங்கள் அவர்கள்.

ஆகவே எடுத்து வைத்தார்கள். சமையல் சிலிண்டர் தீர்ந்து எல்லார் வீட்டிலும் விறகடுப்புக்குத் திரும்பி மூன்று மாதமாகியிருந்தது. இப்போது விறகும் வேண்டாமென்று ஆனது. ரேஷனில் போட்ட அரிசி மூட்டை மூட்டையாக வெளியூர் லாரியில் ஏறி, அந்தக் காசு பதினோரு பேருக்கும் மஞ்சள் பனியனாகவும், இரண்டு ஜோடி உறுமி மேளமாகவும், தண்ணீர்த் தொட்டி மேல் கட்டிய புனல் ஸ்பீக்கராகவும் திரும்பி வந்தது. டீக்கடைக்காரர் பாய்லரைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊதல் விற்றார். அந்த மாதத்தில் நடந்த ஒரே கல்யாணத்தில் பந்தியே கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் வெளியூர்க்காரர்கள், பசியோடு வந்து பசியோடு போய், இன்றைக்கும் அந்தச் சம்பந்தத்தில் பேச்சுவார்த்தை இல்லை. பெண்டுகளுக்குச் சாயங்காலம் சாயங்காலமாக நேரம் கிடைத்தது. சண்டை சச்சரவு குறைந்தது. புருஷன்மார் தலை நிமிர்ந்து நடந்தார்கள், அதிலும் கொம்பையா நடந்தால் தெருவே ஒதுங்கி வழிவிட்டது.

அந்தப் புதுப்பெண்ணை விட்டால், ஊரில் அந்த நிறைவு போய்ச் சேராத ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று நாய், இன்னொன்று காக்கை. அவற்றுக்கு ரேஷன் கார்டு இல்லை. எச்சில் இலை விழாத ஊரில் காக்கைக்கு என்ன வேலை, ஒரே வாரத்தில் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. நாய்களுக்குப் போக மனசில்லை. விலா எலும்பு தெரியத் தெரியத் திண்டாடி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வெறும் அடுப்பை எட்டி எட்டிப் பார்த்தன. முதல் நாய் ஓடைக்கரையில் செத்துக் கிடந்த அன்றைக்குத்தான் குருவம்மாளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நிறைந்த வயிறுதான், ஆனாலும் கரைத்தது.

வீட்டுக்கு வந்தவள் மகளைக் கூப்பிட்டாள். சுபிக்ஷாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு, சத்துணவும் இல்லை. தெருப்பிள்ளைகளோடு வேப்பங்குச்சியை வளைத்து ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். குருவம்மாள் அவள் பாவாடையை இழுத்துக் கட்டினாள். திருவிழாவுக்கு எடுத்த பாவாடை, அப்போது நாடா முடி போடப் போதாமல் ஒட்டுப் போட்டிருந்தாள். இப்போது அந்த ஒட்டும் தாண்டி ஒரு சாண் நாடா கையில் தொங்கியது.

"ஏட்டி, நீ எப்பம் சாப்பிட்ட?"

"எனக்குத்தான் வயிறு நிறைஞ்சிருக்கே. அப்பா முந்தாநாள் ரெண்டு கோல் போட்டாகல்ல?"

பிள்ளை அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தது. கன்னத்தில் குழி விழுந்தது. போன மாதம் வரைக்கும் அந்தக் கன்னத்தில் குழி கிடையாது.

புதன்கிழமை தோறும் தடுப்பூசி போட ஸ்கூட்டியில் வருகிற நர்ஸ் எஸ்தர் வெளியூர்க்காரி. மத்தியானம் ஆனால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து எலுமிச்சம்பழச் சோறு தின்பாள். பிள்ளைகள் சுற்றி நின்று, பாவம் சிஸ்டருக்குப் பசிக்குது என்று இரக்கத்தோடு பார்க்கும். அவள்தான் சுபிக்ஷாவைத் தராசில் ஏற்றினாள். பங்குனியில் பதினெட்டு கிலோ இருந்த பிள்ளை பதினாலில் நின்றது.

"அக்கா, வயிறு சொல்றத நம்பாதீங்க. தராசு சொல்றத நம்புங்க" என்றாள் எஸ்தர். "உங்க ஊர்ல இது நாலாவது பிள்ளை. இன்னும் ஒரு கிலோ குறைஞ்சா நான் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துருவேன். அதுக்குப் பிறகு அவங்க காப்பாத்துவாங்களான்னு எங்கிட்ட கேக்கக் கூடாது."

"மத்த மூணு பிள்ளைகளோட அம்மாமாரு என்ன சொன்னாக?"

"எனக்கு உங்க டீம் மேல பொறாமையாம்."

அன்றைக்குக் குருவம்மாள் எஸ்தரின் டப்பாவிலேயே ஒரு வாய்ச் சோற்றைக் கெஞ்சி வாங்கி மகள் வாயில் ஊட்டினாள். பிள்ளை கஷ்டப்பட்டு மென்றது, கஷ்டப்பட்டு விழுங்கியது, வேப்பமரத்துத் தூரில் அப்படியே கக்கியது. "இடமில்லம்மா" என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னது. உண்மைதான், நெஞ்சு வரைக்கும் விருந்து நிற்கிற வயிற்றில் ஒரு பருக்கைக்கு இடமேது? குருவம்மாளுக்கே தொண்டைக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் அவள் வளர்ந்த மாடு, தன் எலும்பையே தின்று ஒரு வருஷம் கிடப்பாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, இங்கே ஆடுவதற்குச் சதையும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் புகை விவகாரமும் கிளம்பியது. கால் இறுதி ஆட்டத்தில் கொம்பையா போட்ட இரண்டு கோலில் ஒன்றை அம்பயர் செல்லாது என்று விட்டார். ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்த்தபோது மேலத்தெருவில் ஒரு கூரையிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. குருவம்மாளின் அடுத்த வீட்டு மாரிக்கனி, கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் கிளப் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி, கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து அறுநூறு பேரை அதட்டியே பழகியவர், மைக்கைப் பிடித்து, "நம்ம பிள்ளைக நமக்குச் சோறு போடும்போது அடுப்புப் பத்த வைக்கிறது, போட்ட சோறு பத்தலைன்னு சொல்லுத மாதிரி இல்லையா?" என்று ஒரு கேள்வி கேட்டார். சபைக்கு அது நியாயமாகப் பட்டது. விருந்துக்குப் போன வீட்டில் கட்டுச்சோற்றை அவிழ்க்கிறவனை யார் மதிப்பார்கள்? அன்றிலிருந்து ஆட்டத்தன்றைக்கு அடுப்பு எரியக் கூடாது என்றானது, பிறகு எந்த நாளும் எரியக் கூடாது என்றானது, பிறகு தண்ணீர்த் தொட்டி மேல் முறை வைத்து ஆள் நின்று ஊர்க்கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாடு முழுக்க அடுப்புப் பற்றவைக்கக் குச்சி செய்துகொடுத்த ஊரில் தன் அடுப்பைப் பற்றவைக்க ஒரு கைக்குத் தைரியமில்லை. அடுப்பில் பூனை தூங்குகிறது என்று சொலவடை சொல்லுவோம். இங்கே பூனையும் தூங்கவில்லை, சூடு ஏறாத அடுப்பில் அதற்கென்ன சுகம்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் கொம்பையா முற்றத்தில் உட்கார்ந்து கம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். குருவம்மாள் எதிரே போய் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், நேரே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு ஆட்டம் கோல் போடாம இருங்களேன்."

கொம்பையா எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தான். "என்ன பேச்சு பேசுத?"

"இன்னைக்குக் கோல் விழலைன்னா நாளைக்குப் பசிக்கும். பசிச்சாத்தான் பிள்ளை சாப்பிடுவா. இன்னைக்கு விழுந்துட்டா, அடுத்த ஆட்டம் ஆடி மாசத்துலங்காக. அதுவரைக்கும் தாங்கும். பிள்ளை தாங்க மாட்டா."

அவன் மறுபடியும் எண்ணெய் தேய்க்கத் தொடங்கினான். பிறகு, அவளைப் பார்க்காமல் கம்பைப் பார்த்துப் பேசினான். "கம்பெனி பூட்டின அன்னைக்கு நான் ரயிலடி வரைக்கும் நடந்து போயிட்டுத் திரும்பி வந்தேன் குருவு. போற வழியில ஒருத்தன் எம்மூஞ்சியப் பாக்கல, நானும் ஒருத்தன் மூஞ்சியப் பாக்கல. எல்லாரும் கையாலாகாத பயலுக, யார் யாரப் பாக்க? இன்னைக்கு மூவாயிரம் வயிறு எங்கம்பப் பாத்து நிக்கி. அதப் போயி வேணும்னே தப்பா அடின்னா எப்படி? கம்பு கூசாது?"

"மூவாயிரத்துல உங்க பிள்ளை வயிறும் ஒண்ணு."

"ஓடியாடுத பிள்ளை இளைக்கத்தான் செய்யும்" என்றான், ஊரே சொல்வதை அவனும். சொல்லிவிட்டு எழுந்து, வாசலில் நின்ற சுபிக்ஷாவை வழக்கம்போலத் தோளுக்குத் தூக்கினான். பழைய பாரத்துக்குத் தயாராகத் தூக்கிய கை, வேண்டியதற்கு மேல் உயர்ந்து தலைக்கு மேலே போய்விட்டது. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. இறக்கி விட்டுவிட்டு, மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

போனவனை அவள் திட்டவும் இல்லை, நம்பவும் இல்லை. ஆம்பளைக்கு ஊர் மாலை போட்டுவிட்டால் பெண்டாட்டி சொல் எங்கே ஏறும்?

நாலு மணிக்கு ஊர் காலியானது. நடக்க முடிந்தவர் நடந்தும் முடியாதவர் கட்டிலோடும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள்; பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் குருவம்மாள் போகவில்லை. போகாவிட்டால் என்ன, தொட்டி மேல் புனல் ஸ்பீக்கரில் ஆவுடையப்பன் அண்ணாச்சி தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். ரசிகப் பெருமக்களே, பந்து நமது எல்லைக்குள். பெருமக்களே, வடக்கூர் அணி முன்னேறுகிறது, முன்னேறுகிறது, அடக் கெடுவான்களா, கோல். வடக்கூர் ஒன்று, நாம் சைபர். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வடக்கூர் ஒன்று, நாம் சைபர் என்பதையே வேறு வேறு குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். குருவம்மாள் முதல் தடவையாகத் தன் ஊர் தோற்கிற சத்தத்தைக் காதுகுளிரக் கேட்டாள், கேட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மறுபடியும் கேட்டாள். சுபிக்ஷா நார்க்கட்டிலில் சுருண்டு படுத்திருந்தது. ஆட்டம் பார்க்கப் போகணும் என்று கூட அழவில்லை. அதுதான் அவளை ஒரேயடியாகப் பயமுறுத்தியது.

"பெருமக்களே, கேளுங்க, கேளுங்க!" என்று ஸ்பீக்கர் அலறியது. "கொம்பையாவைக் கீழே தள்ளிட்டானுங்க! பெனால்டி ஸ்ட்ரோக்! கொம்பையாவும் கோலியும் மட்டும்தான், நடுவுல ஒரு பயல் கிடையாது! ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்! இதை அடிச்சா சமம், நம்ம வயிறும் நிறைஞ்சுது!"

குருவம்மாள் எழுந்தாள். அவள் யோசித்துச் செய்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். உலை வைக்கும்போதெல்லாம் காளியம்மனுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துக் கலயத்தில் போட்டு வைப்பது அந்த ஊர்ப் பெண்டுகள் வழக்கம். ரேஷன் அரிசியை மூட்டையாக விற்றவர்கள்கூட அந்தக் கலயத்தில் கை வைத்திருக்கவில்லை, சாமி அரிசி. அவள் அந்தக் கலயத்தைக் கவிழ்த்தாள். வண்டோடும் தூசியோடும் நாலு பிடி விழுந்தது. கோவிச்சுக்கிறதுன்னா என்னைக் கோவிச்சுக்கோ ஆத்தா, பிள்ளையை விட்டுரு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே களைந்தாள், பானையில் கொட்டினாள், ஒரு மாதத்துச் சிலந்தி வலையைத் துடைத்துவிட்டு அடுப்பில் பனையோலையைத் திணித்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது குச்சி சீறி அணைந்தது. மூன்றாவது பற்றிக்கொண்டது. ஓலை நமத்துப்போயிருந்ததால் தீயைவிடப் புகைதான் முதலில் வந்தது, கண்ணை மறைக்கிற புகை, கூரையைப் பிய்த்துக்கொண்டு நேரே மேலே போனது.

"கொம்பையா பந்து முன்னால நிக்கான், பெருமக்களே. அம்பயர் ஊதப்போறார். ஏய்... ஏய், அது என்னலே ஊருக்குள்ள? எவன் வீட்டுலலே புகை? தொட்டி மேல நிக்கது யாரு, தூங்குதியாலே? ஐயா, அது கொம்பையா வீடுல்லா! கொம்பையா திரும்பிப் பாக்கான். ஏ கொம்பையா, அங்க பாக்காதல, பந்தப் பாரு, பந்தப் பாரு..."

அப்புறம் ஸ்பீக்கர் எதுவும் சொல்லவில்லை.

ஊரில் ஒரு சத்தமும் இல்லை. பானையில் தண்ணீர் சிணுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. விழுந்ததா, விழவில்லையா? அவள் அடுப்பங்கரையில் குத்தவைத்தபடி, இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நீளமாக ஒரு விசில் கேட்டது. கேட்ட அந்த நொடியில் அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, இருபத்தாறு நாளாக மூடிக் கிடந்த ஒன்று, வாயைத் திறந்தது. குடல் முறுக்கியது, கண் இருட்டியது, அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு நாள் பசியும் சேர்ந்து ஒரே மூச்சில் வந்தது. மைதானத்துப் பக்கமிருந்து மூவாயிரம் பேர் முனகுவது கேட்டது.

கட்டிலில் சுபிக்ஷா எழுந்து உட்கார்ந்தது. முகம் கோணியிருந்தது. "அம்மா, எனக்கு என்னமோ பண்ணுது. வயித்துக்குள்ள யாரோ பிறாண்டுதாக."

பிள்ளைக்கு அதன் பெயர் மறந்துபோயிருந்தது. குருவம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "ஒண்ணுமில்ல தாயி, அதுக்குப் பேரு பசி. இந்தா, இந்தா வந்துட்டேன்" என்று வேகாத கஞ்சியைத் துழாவித் துழாவிக் கிளறினாள்.

குழைந்ததும் ஆற்றி, உப்புப் போட்டு, முதல் கிண்ணத்தைப் பிள்ளை கையில் கொடுத்தபோது தெரு நிரம்பிவிட்டது. ஓடி வந்தவர்கள் இல்லை, ஓட யாருக்கும் தெம்பில்லை. சுவரைப் பிடித்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, ஆனால் வந்துவிட்டார்கள். முன்னால் ஆவுடையப்பன் அண்ணாச்சி மைக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார், வயர் அறுந்து தொங்கியது.

"ஏ குருவம்மா! ஊர் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? அடுப்பை வெளிய தூக்கிப் போடுங்கடா!"

"போடுங்க அண்ணாச்சி" என்றாள் குருவம்மாள், வாசலை மறித்து நின்றுகொண்டு. "எம்பிள்ளை இந்தக் கிண்ணத்தைக் குடிச்சு முடிக்கட்டும். அதுக்குப் பிறகு அடுப்பையும் போடுங்க, என்னையும் போடுங்க."

நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "அவள விடுங்க" என்று சத்தம் வந்தது. கொம்பையா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். பழக்கதோஷம், தெரு ஒதுங்கி வழிவிட்டது.

"புகை என்ன பண்ணும் அண்ணாச்சி? புகை வந்து பந்தைத் தள்ளுச்சா? கோலி இடது பக்கம் சாஞ்சுட்டான். வலது பக்கம் பூரா திறந்து கெடந்தது, கண்ணு தெரியாதவன் அடிச்சாலும் உள்ள போகும். நாந்தான் வெளிய அடிச்சேன்."

"வேணும்னேயா?"

"வேணும்னேதான்."

அது நிஜமா, பெண்டாட்டியைக் காப்பாற்றச் சொன்னதா என்று குருவம்மாளுக்கு அன்றும் தெரியாது, அதற்குப் பிறகும் அவள் கேட்கவில்லை. ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. "கழட்டுலே பனியனை" என்றார். "ஊர்ச்சோத்தை வித்து எடுத்த பனியன். உனக்கு அதைப் போடத் தகுதி கிடையாது. கழட்டு."

கொம்பையா கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கிப் பனியனைக் கழற்றினான்.

ஊர் பார்த்தது. பனியனுக்கு உள்ளே ஆள் இல்லை, விலா எலும்புதான் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னப்பிள்ளை கூட எண்ணிவிடலாம். மூவாயிரம் வயிற்றை நிறைத்தவனின் வயிறு முதுகோடு போய் ஒட்டியிருந்தது. பார்த்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தார்கள், பிறகு குனிந்து தங்களையே பார்த்துக்கொண்டார்கள். இடுப்பில் இருந்த கைக்குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மாரிக்கனி, "அய்யோ, எம்புள்ள!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு தன் வீட்டுக் காளியம்மன் கலயத்தைத் தேடி ஓடினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் தெருவில் பெண்டுகள் யாரும் இல்லை, முதலில் மேலத்தெருவிலும் பிறகு கீழத்தெருவிலும் புகை கிளம்பியது, அதை எண்ணத் தொட்டி மேல் யாரும் நிற்கவில்லை.

"அம்மா, இன்னும் ஊத்துங்க" என்றது சுபிக்ஷா, கிண்ணத்தை நீட்டி. குருவம்மாள் ஊற்றினாள். பிள்ளை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

ஆண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். யாரும் கொம்பையாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் இன்றுவரைக்கும் அவனை மன்னிக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆவுடையப்பன் அண்ணாச்சி மட்டும் போகவில்லை. அவருக்கு வீட்டில் பெண்டாட்டி இல்லை, அடுப்பில்லை, சாமிக்கு எடுத்து வைத்த கலயமும் இல்லை. மஞ்சள் பனியனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தவர், வெகுநேரம் கழித்து, அறுநூறு பேரை அதட்டிய அந்தத் தொண்டையிலிருந்து யாருக்கும் கேட்காத ஒரு குரலில் சொன்னார்.

"எனக்குப் பசிக்குதும்மா."

குருவம்மாள் பானைக்குள் பார்த்தாள். அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு கிண்ணத்துக்குத்தான் இருந்தது. "உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கரண்டியால் சுரண்டிச் சுரண்டி அதை முழுக்க வழித்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தலையைத் தூக்காமல் குடித்தார்.

அவள் கவிழ்த்து வைத்த பானையைக் கொம்பையா பார்த்தான். "நமக்கு?" என்றான்.

"நமக்குப் பசிக்கட்டும்" என்றாள் குருவம்மாள்.